ஆகஸ்டில் பிறந்த பிள்ளை

பிறப்புச் சான்றிதழ் எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் பிள்ளையை எதிரே நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டால் ஒன்றாம் வகுப்பு. படாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க." ஏனாத்தூரானாலும் எட்டயபுரமானாலும், இன்று அறுபதைத் தாண்டியவர்களில் பலர் இப்படிக் காதைத் தொட்டுக் காட்டித்தான் பள்ளிக்குள் நுழைந்தார்கள்.

அந்தச் சோதனைக்குப் பின்னால் நல்ல உயிரியல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவரிடம் அது ஏழரையில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மூளை முந்திக்கொண்டு வளர்கிறது. ஆறு வயதுக்குள் பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. கைகால்கள் பிறகுதான் நீளுகின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் கை உச்சந்தலையோடு நின்றுபோகும். ஆறு, ஏழு வயது வாக்கில்தான் அது மறுபக்கக் காதை எட்டும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் இதே சோதனை இருந்திருக்கிறது. பிறந்து எத்தனை நாளாயிற்று என்று அது கேட்கவில்லை. உடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டது.

காதைத் தொட்ட பிறகு பதிவேட்டில் ஒரு தேதி எழுதியாக வேண்டும். அம்மாவுக்கு நினைவிருப்பது தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், அல்லது பெருமழை பெய்த வருஷம். ஆகவே மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்ததும் ஓய்வு பெற்றதும் அந்தத் தேதியின் கணக்கில்தான். 1969-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. 2023-ல் அது திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே வயதுக்குச் சான்று என்றாகிவிட்டது. உடலின் வயது பின்னுக்குப் போய்த் தாளின் வயது நிலைபெற்றது. மிக நல்ல மாற்றம். ஆனால் இந்த இரண்டு வயதும் இன்னும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிள்ளைகள் விளையாடும் மைதானம்.

காஞ்சிபுரத்தின் கிழக்கே இருக்கும் ஏனாத்தூரை வெளியூர்க்காரர்கள் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா இருக்கும் ஊர் என்று அறிவார்கள். பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பங்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், கல்லூரி ஊழியர்கள் என்று கலந்து வாழும் வட்டாரம் இது. தறிக்குழிக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்த தலைமுறை போய், மாலையில் அதே வயதுப் பிள்ளையை வண்டியில் ஏற்றிப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடும் தலைமுறை வந்திருக்கிறது. இதைவிட மகிழ்ச்சியான மாற்றம் இந்த ஊருக்கு வேறில்லை என்பது என் எண்ணம். ஏப்ரல், மே வந்தால் கிரிக்கெட் அகாடமியா, கால்பந்துப் பயிற்சியா, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்கில் நடத்தும் கோடைகால முகாமா, ஊர்க் கபடிக் குழுவா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, கோச் எந்த மட்டத்தில் ஆடியவர், இங்கிருந்து எத்தனை பேர் மாநில அணிக்குப் போனார்கள் என்று விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் தேர்வாகிப் போன அந்தப் பிள்ளைகள் எந்த மாதத்தில் பிறந்தவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தக் கேள்வியை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது கனடா. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குடும்பத்தோடு இளையோர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். கையில் இருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி, ஏன் இத்தனை பேர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்கிறார்கள் என்று கேட்டார். வீடு திரும்பியதும் பார்ன்ஸ்லி மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தார். எங்கும் அதே கதை. 1985-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் 'சார்பு வயது விளைவு' என்ற கருத்து பரவியது. அங்கே இளையோர் ஹாக்கியில் வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு இருக்கிறது.

ஓராண்டுதானே என்று தோன்றலாம். நாற்பது வயதுக்காரருக்கு ஓராண்டு ஒன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. அந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அந்த உயர வித்தியாசத்தோடு எடை, ஓட்ட வேகம், பந்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிதானம் எல்லாம் சேர்ந்து வரும். கோச்சின் கண்ணுக்கு மூத்தவன் திறமைசாலியாகவும் இளையவன் சுமாராகவும் தெரிகிறார்கள். மூத்தவன் அணிக்குள் போகிறான். அவனுக்கு நல்ல கோச்சிங், கூடுதல் ஆட்டங்கள், பாராட்டு எல்லாம் கிடைக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். முதலில் தப்பாகப் போட்ட கணக்கு பிறகு தன்னைத்தானே சரியாக்கிக்கொண்டுவிடுகிறது. இந்த விளைவில் என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாரும் கண்ணால் கண்டதை நம்பினார்கள். அப்படியும் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது.

காலண்டரின் வேலைதான் இது, ஜாதகத்தின் வேலை இல்லை என்பதற்கு அழகான ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலிய இளையோர் கால்பந்தில் 1988-ல் வயதைக் கணக்கிடும் நாளை ஜனவரி 1-லிருந்து ஆகஸ்ட் 1-க்கு மாற்றினார்கள். பெல்ஜியத்தில் 1997-ல் நேர்மாறாக, ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு. இரண்டு நாடுகளிலும் சில ஆண்டுகளிலேயே 'திறமைசாலிகள்' பிறக்கும் மாதமும் கூடவே இடம் மாறிவிட்டது. பிறந்த மாதத்தில் எந்த மகிமையும் இல்லை. கோடு எங்கே போடப்படுகிறதோ அதற்கு அடுத்துப் பிறந்தவர்களுக்கு வாழ்வு.

நம் ஊரில் கோடு ஒன்றல்ல, பல. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே மூத்தது. அதே பிள்ளை இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஆடப் போனால் கோடு ஜனவரி 1. இப்போது அது பிரிவின் கடைசிப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. கிரிக்கெட்டுக்குப் போனால் கோடு செப்டம்பர் 1. இப்போது அதுவே பிரிவில் ஆகக் கடைசிக் குட்டி. ஒரே பிள்ளை, ஒரே உடல். வகுப்பறையில் அண்ணன், பள்ளிப் போட்டியில் தம்பி, கிரிக்கெட்டில் கடைக்குட்டி. "எங்க பையன் ஸ்கூல்ல நல்லா ஓடுறான், அகாடமில மட்டும் எடுபடல" என்று ஒரு தாய் சொன்னால், திட்டுவதற்கு முன் அவன் பிறந்த தேதியைப் பார்ப்பது நல்லது.

உலகம் முழுக்கவே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்ற தவிப்பு ஓயவில்லை. அமெரிக்க இளையோர் கால்பந்தில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிவு கட்டினார்கள். வகுப்புத் தோழர்கள் வெவ்வேறு அணிகளில் சிதறினார்கள். 2026-27 பருவத்திலிருந்து அங்கே பெரிய அமைப்புகள் ஆகஸ்ட் 1-க்குத் திரும்புவதாக அறிவித்திருக்கின்றன. லக்ரோஸ் ஆட்டத்தின் கதை இன்னும் சிக்கல். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் இந்த ஆட்டத்தை வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உலகுக்குக் கொடுத்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது மறுபடி இடம்பெறுகிறது. அமெரிக்காவின் லக்ரோஸ் கிளப்புகள் பலவற்றில் பிரிவுகள் வயதை வைத்து இல்லை. பிள்ளை எந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கும் என்பதை வைத்து. அதனால் வசதியுள்ள பெற்றோர் சிலர் பிள்ளையை வேண்டுமென்றே ஒரு வகுப்பு பின்தங்க வைக்கிறார்கள். ஓராண்டு மூத்த உடலோடு ஆடினால் பல்கலைக்கழகக் கோச்சுகளின் கண்ணில் படலாம் என்ற கணக்கு. சட்டப்படி அதில் குற்றமில்லை. பள்ளிக் கட்டணத்தை இன்னொரு வருஷம் கட்ட முடிகிறவர்களுக்குத்தான் அது முடியும்.

இதுவரை சொன்னது காலண்டர் ஓராண்டின் கதை. பன்னிரண்டு வயதைத் தாண்டினால் அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று வந்து சேர்கிறது. 1759-ல் பிரான்சில் மோன்பெயார் என்ற பிரபு, பிறந்த தன் மகனை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1777 வரை, பதினெட்டு ஆண்டுகள் விடாமல் அளந்தார். இயற்கை அறிஞர் பூஃபோன் அந்த அளவுகளைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரு மனிதப் பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. குழந்தைப் பருவத்தில் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்த வேகம் பதின்வயதில் திடீரென்று எழும்பி மறுபடி அடங்கியதை அந்த அளவுகள் காட்டுகின்றன. எல்லாப் பிள்ளைகளிடமும் இந்த எழுச்சி உண்டு. பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பதினொன்றரை, பன்னிரண்டு வயதில். ஆண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்றரை, பதினான்கில். உச்ச ஆண்டில் பையன்கள் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேலும் வளர்வதுண்டு. ஆனால் சராசரி என்ற சொல் பெரிய பரப்பை மறைக்கிறது. ஒரு பையனுக்கு அந்த எழுச்சி பன்னிரண்டிலேயே வரும். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாறு நெருங்கும்போது வரும். இருவருமே ஆரோக்கியமான பிள்ளைகள். பதின்மூன்று வயதில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. சான்றிதழில் ஒரே வயது. உடல்களுக்கு நடுவே நான்கு ஆண்டு.

இந்த வேறுபாடு எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அதை வளர்தட்டு என்று சொல்லலாம். அதன் ஒரு பக்கத்தில் செல்கள் ஓயாமல் பிரிந்து அடுக்குகின்றன. மறுபக்கத்தில் அதே செல்கள் ஊதிப் பெருத்து, மடிந்து, எலும்புக்கு இடம் விடுகின்றன. தறியில் ஊடை விழும் இடம் இருந்த இடத்திலேயே இருக்க, நெய்த துணி சுருண்டுகொண்டே போய்ப் புடவை நீள்வதைப் போல, தட்டு அதே தடிமனில் நிற்க எலும்பு நீண்டுகொண்டே போகிறது. ஒருநாள் தட்டு முழுக்க எலும்பாகி மூடிக்கொள்கிறது. அதோடு உயரம் நின்றது.

மூடும் உத்தரவு எங்கிருந்து வருகிறது? ஆண்களில் அது ஆண்மைச் சுரப்பின் வேலை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆளைப் பற்றிய அறிக்கை வந்தது. வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். கை எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அவை பதினைந்து வயதுப் பையனின் எலும்புகள். அவர் உடலில் ஆண்மைச் சுரப்பு சரியாகத்தான் இருந்தது. ஈஸ்ட்ரோஜனை உணரும் வாங்கி மட்டும் ஒரு மரபணுப் பிழையால் வேலை செய்யவில்லை. பெண்மைச் சுரப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன்தான் ஆண் பிள்ளையின் எலும்பையும் மூடுகிறது என்று அந்த ஒரு மனிதர் வழியாக மருத்துவம் தெரிந்துகொண்டது.

இருபத்தெட்டு வயதில் பதினைந்து வயது எலும்பு என்பது அபூர்வம். ஆனால் பதினான்கு வயதில் பதினாறு வயது எலும்பும், பதினான்கு வயதில் பன்னிரண்டரை வயது எலும்பும் எல்லாத் தெருவிலும் உண்டு.

இப்போது நம் தேர்வு முறைகளைப் பாருங்கள். மாநில அரசின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு, முழுநேரப் பயிற்சி எல்லாம் உண்டு. நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது வாழ்க்கையைத் திருப்பிவிடும் வாசல். ஏழாம், எட்டாம் வகுப்பு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஒரே வயதுப் பிள்ளைகளின் உடல்கள் ஒன்றுக்கொன்று அதிகமாக விலகி நிற்கத் தொடங்கும் காலம். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு என்பது 12 முதல் 19 வயது வரை மொத்தமாக ஒரே பிரிவு. இத்தனை லட்சம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவந்த போட்டி அது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் முதல் சுற்றில் தோற்று வந்தால் அதை அவனுடைய திறமையின் அளவாக வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாசல் இத்தனை குறுகலாகவும் அதற்கு அப்பால் கிடைப்பது இத்தனை பெரிதாகவும் இருக்கும்போது, சிலர் தேதியையே திருத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள். சான்றிதழ் ஒன்று கிடைத்தால் பிள்ளை கரையேறிவிடும் என்ற ஆசையில் பிறந்த ஆண்டை இரண்டு கூட்டி எழுதுகிறார்கள். 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் டிராவிட் இதைத்தான் கடுமையாகச் சாடினார். அப்பாவும் கோச்சும் சேர்ந்து பொய்ச் சான்றிதழ் செய்வதைப் பார்க்கும் பதினான்கு வயதுப் பிள்ளை இருபத்தைந்தில் ஆட்டத்தை விற்பதைத் தவறென்று எப்படி நினைக்கும் என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பதினாறு வயது உடலோடு ஒருவன் பதினான்கு பிரிவில் ஓடிவந்து பந்து வீசும்போது, எதிரே மட்டையோடு நிற்பது உண்மையிலேயே பதின்மூன்று வயதுப் பிள்ளை. அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-ல் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2025-ல் அதைப் புதுப்பிக்கும் வரைவையும் வெளியிட்டது. கிரிக்கெட் வாரியம் 2020-ல், தானாக முன்வந்து உண்மை வயதைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை என்று அறிவித்தது. 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுமிகளையும் அது எலும்பு எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிறது. டேனர்–வைட்ஹவுஸ் முறையின் மூன்றாவது வடிவம் அது. இடது கையையும் மணிக்கட்டையும் ஒரே படமாக எடுத்து, பதின்மூன்று எலும்புகளின் வளர்தட்டுகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். எல்லாம் மூடியிருந்தால் மொத்தம் ஆயிரம். கூட்டிவரும் மதிப்பெண்ணை அட்டவணையில் தேடினால் 'எலும்பு வயது' கிடைக்கும். கதிர்வீச்சு மிகச் சொற்பம். ஒரே நாளில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம்மேல் இயற்கையாக விழுவதைவிடக் குறைவு.

இந்தச் சோதனை நம் தலைமையாசிரியரின் காது சோதனைக்குப் பேரன் என்றால் மிகையாகாது. இதுவும் உடலைத்தான் கேட்கிறது, காலண்டரைக் கேட்கவில்லை. அதுவே இதன் பலவீனமும். ஒரே வயதுள்ள ஆரோக்கியமான பிள்ளைகளிடையே எலும்பு வயது ஓராண்டு முன்பின் இருப்பது சர்வசாதாரணம். உண்மையாகவே பதினைந்து முடிந்த, ஆனால் சீக்கிரம் வளர்ந்த பையன் இந்தச் சோதனையில் தோற்கலாம். பதினேழு வயதாகியும் தாமதமாக வளரும் பையன் தேர்ந்துவிடலாம். அட்டவணைகள் பெரும்பாலும் மேலை நாட்டுப் பிள்ளைகளின் படங்களிலிருந்து உருவானவை. இன்னொரு புகழ்பெற்ற முறையான கிரூலிக்–பைல் படத்தொகுப்புக்கு அடிப்படை 1930-களிலும் அதை அடுத்தும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் எடுத்த படங்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளையின் எலும்பு அதே தாளத்தில்தான் மூடும் என்று யாரும் உறுதி தர முடியாது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து எம்.ஆர்.ஐ. படம் எடுக்கத் தொடங்கியது. மணிக்கட்டில் ஆர எலும்பின் வளர்தட்டு முழுதாக மூடியிருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் அங்கே. கதிர்வீச்சு இல்லை, தவறாக ஒருவரை வெளியேற்றும் வாய்ப்பும் குறைவு. செலவோ ஒரு மாவட்டச் சங்கத்தால் தாங்கக்கூடியதில்லை. ஆக, படம் சந்தேகத்தைக் கிளப்பலாம். தீர்ப்பு சொல்லப் பிறந்த அன்றே பதிவான சான்றிதழ் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் 2023 திருத்தத்தை விளையாட்டுக்கான சீர்திருத்தமாகவும் நான் பார்க்கிறேன்.

பொய்யைப் பிடிப்பது ஒரு வேலை. பொய்யே சொல்லாத பிள்ளைகளுக்கு நடுவே இருக்கும் நான்கு ஆண்டு இடைவெளியை என்ன செய்வது? இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2015-ல் ஒரு சோதனை செய்து பார்த்தது. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் போன்றோர் அதில் வழிகாட்டினார்கள். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளையின் உயரம், எடை, வயதையும் வைத்து, பெரியவனானால் எவ்வளவு உயரம் இருப்பான் என்று முதலில் கணித்தார்கள். அந்த உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை எட்டியவர்களை, பதினொன்றோ பதினான்கோ, ஒரே அணிகளில் ஆடவிட்டார்கள். இதுவரை உடல்பலத்தால் ஜெயித்துவந்த பெரிய பையன்கள் முதல்முறையாகப் பந்தை யோசித்துக் கடத்த வேண்டியிருந்தது. இதுவரை ஓரத்தில் ஒதுங்கிய சிறியவர்கள் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தினார்கள். இரு தரப்புமே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். பெல்ஜியக் கால்பந்துச் சங்கமோ தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணிகளை வைத்தது.

நம்மிடம் இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு: கபடி. சப் ஜூனியருக்கும் ஜூனியருக்கும் வயது வரம்போடு எடை வரம்பும் சேர்ந்தே வரும். கிராமத்துப் போட்டிகளின் சுவரொட்டியிலும் வயதைவிடக் கிலோதான் பெரிய எழுத்தில் இருக்கும். மோதிப் பிடிக்கும் ஆட்டத்தில் எதிரே நிற்பவனின் எடைதான் முக்கியம் என்பதை நம் கபடி எப்போதோ புரிந்துகொண்டது. அதற்கும் ஒரு நிழல் இருக்கிறது. எடை பார்க்கும் நாளுக்கு முன் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, வெயிலில் ஓடி வேர்வை வடித்து எடையைக் குறைக்கும் பழக்கம் அது. வளரும் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் அதைப் போலக் கேடு வேறில்லை. அப்படிச் செய்யச் சொல்லும் கோச் எவ்வளவு கோப்பை வாங்கியிருந்தாலும் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

தாமதமாக வளர்பவர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரிவின் கடைசி மாதங்களில் பிறந்து, எப்படியோ தாக்குப்பிடித்து உள்ளே நின்றவர்கள் பிற்காலத்தில் மூத்தவர்களைத் தாண்டிப் போவது அடிக்கடி நடக்கிறது. கனடா ஹாக்கியிலேயே மேல்மட்டத்துக்குப் போகப் போக ஜனவரிப் பிள்ளைகளின் ஆதிக்கம் கரைகிறது. பெரியவர்களோடு ஆடியே பழகியவர்கள் பலத்துக்குப் பதில் நுட்பத்தைத் தேடியிருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் 'எப்படியோ தாக்குப்பிடித்து' என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இருபதில் தாண்டிப் போக வாய்ப்பே இல்லை.

ஆகவே அகாடமியில் போய்க் கேட்க வேண்டியவை வேறு. பன்னிரண்டு வயதில் தேர்வாகாத பிள்ளைகள் பயிற்சியில் தொடரலாமா, அல்லது கணக்கு முடிந்ததா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து எழுதி வைக்கிறார்களா? வேகமாக உயரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே, குதிகாலில் வலி வருவது சகஜம். அப்போது ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்கிறார்களா, அல்லது "சோம்பேறி" என்கிறார்களா? சிறியவன் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறானா, எல்லா இடத்திலும் ஆட விடுகிறார்களா? அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களா?

கடைசியாக ஒன்று, இதற்குக் காசே தேவையில்லை. 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கால்பந்துத் தேர்வாளர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பிள்ளைகளின் வயது தெரியாமல் பார்த்தபோது தேர்வாளர்கள் மூத்தவர்களையே உயர்த்தி மதிப்பிட்டார்கள். பிறந்த தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தும் பார்த்தார்கள், சாய்வு போகவில்லை. பிறகு ஆட்டக்காரர்களின் சட்டை எண்களையே வயது வரிசையில் கொடுத்து, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லியும் வைத்தார்கள். சாய்வு மறைந்துவிட்டது. தாளில் இருந்தபோது மறந்துபோன வயது, ஓடும் பிள்ளையின் முதுகில் இருந்தபோது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வரும் மே மாதத் தேர்வில் ஏனாத்தூர்ப் பக்கத்து எந்தக் கிரிக்கெட் மைதானத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். முதல் எண்ணை மூத்த பிள்ளைக்கும் கடைசி எண்ணை ஆகஸ்டில் பிறந்தவனுக்கும் கொடுத்துவிட்டு, கடைசி எண் பந்தை என்ன செய்கிறது என்று கோச்சும் பெற்றோரும் அரை மணி நேரம் பார்க்கட்டும்.